முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு

பெட்டியின் மூடியைக் கழற்றியதும், வந்த படங்களைச் சரிபார்க்கும் மேடம் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவப்புக் கோடுதான். ஆளுயர எண்ணெய் ஓவியம். மரத்தடியில் ஒட்டுத்துணி இல்லாமல் ஒருத்தி. முழங்காலுக்குக் கீழே கோடு.

"பட்டையை இறுக்கிக் கட்டி நசுக்கிட்டீங்களா? நூத்தம்பது வருஷத்துப் படம்யா!"

படிவத்தை எடுத்தாள். அதில் சேதம் என்று ஏறிவிட்டால் அருங்காட்சியகத்தில் படம் தூக்கும் வேலை அன்றோடு சரி. மறுபடி சிமெண்டு மூட்டைதான்.

தூக்கிவந்த இருவரில் மூத்தவனைப் பூட்டு என்பார்கள். லேசில் வாய் திறக்க மாட்டான். இன்று திறந்தாக வேண்டும். சின்ன வயசுப் பெண்ணிடம் அம்மணக் காலைப் பற்றி எப்படிப் பேசுவது? கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"பட்டைத் தடம்னா பின்னாடி மரத்து மேலயும் விழுந்திருக்கணும் மேடம். இது காலைச் சுத்தி வளையுது. இன்னொரு கால்லயும் இருக்கு பாருங்க, நிழல்ல. காலுறை நழுவாம கட்டற நாடா பதிஞ்சது. என் வீட்டுக்காரி நாள் பூரா மில்லுல நிக்கறவ. சாயங்காலம் காலுறையை உரிச்சா இதே தடம்தான்."

"எங்கக்கா காலுல இவ்வளவு ஆராய்ச்சியா மாமா?" கூடத் தூக்கிவந்த மைத்துனன் இளித்தான்.

"பொத்துடா."

மேடம் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. கோட்டுக்குள் நாடாவின் பின்னலைக்கூட ஓவியன் விடாமல் தீட்டியிருந்தான்.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா இயக்குநர் சார் இவளைத் துணியே அறியாத வனதேவதைன்னு முப்பது பக்கம் எழுதி அச்சுக்குக் குடுத்துட்டாரே!" நெற்றியைத் தேய்த்தாள். "பழைய கறைன்னு போட்டுடறேன். உங்க மேல தப்பு இல்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

மைத்துனன் ஒரே இழுப்பில் போட்டான். பூட்டு பேனாவை வாங்கினான்.

"கறைன்னா என்ன பண்ணுவாங்க?"

"துடைக்க அனுப்புவாங்க."

இதுவரை நாற்பது அம்மணங்களையாவது தூக்கியிருப்பான். எல்லாம் வெறும் எடை. இவளோ எங்கேயோ வேலையை முடித்துவிட்டு வந்து, காலுறையைக் கழற்றி எறிந்து, ஓவியன் முன்னால் குளிரில் நிற்கிறாள். இந்த நிற்பும் கூலிக்குத்தான். தேவதையாம்!

"நான் போடலைங்க."

"மாமா, கிறுக்கா உங்களுக்கு? தப்பிச்சோம்னு வராம..."

"இயக்குநர் என்னைக் கேப்பாரே," என்றாள் மேடம். "நான் என்ன சொல்ல?"

"வந்து பாக்கச் சொல்லுங்க."

பேனாவை மேசையில் வைத்தான். வேலை போச்சு, நாளைக்கு மூட்டைதான். மேடம் அவனையே பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"சார், கொஞ்சம் கீழ வரணும். கறையெல்லாம் இல்ல சார். நேர்ல பாருங்க."