சொந்தக்காரர் கேள்வி

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. வேறு எந்தச் சங்கத்திலும் இப்படி ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாநகராட்சித் தேர்தல் வந்தால், யாருக்கு ஆதரவு கொடுப்பது என்று முடிவு செய்ய பதினோரு பேர் கொண்ட குழு உட்காரும். வேட்பாளர்கள் ஒவ்வொருவராக எங்கள் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும். வருகிறவர் குழுவில் யாருக்காவது சொந்தம் என்றால், முதல் கேள்வியை அந்தச் சொந்தக்காரர்தான் கேட்க வேண்டும். ஒப்புக்கு ஒன்றைக் கேட்டுவிட்டு உட்கார முடியாது. சொந்தக்காரருக்கு மட்டுமே கேட்கத் தெரிந்த கேள்வியாக அது இருக்க வேண்டும். பதில் வந்ததும் அவர் வெளியே போய்விட வேண்டும், ஓட்டு கிடையாது.

இந்த விதியைக் கொண்டு வந்ததே நான்தான். இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். ரோட்டில் குறுக்கே வருகிறவனிடம் பேசிப் பேசி வாய் நீளமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பொருளாளர், பக்கத்து வார்டில் நின்ற தன் மைத்துனரைக் குழு முன் கொண்டு வந்து நிறுத்தி, தங்கமான மனுஷன் என்றார். நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். ஜெயித்த மூன்றாம் மாதமே அந்தத் தங்கமான மனுஷன் எங்கள் டிப்போவின் பின்பக்க நிலத்தை விற்பதற்குக் கை தூக்கினார். நிலத் தரகர் ஒருவரோடு அவருக்கு முன்பே கூட்டு இருந்தது பொருளாளருக்குத் தெரியுமாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம். அந்தக் கூட்டத்தில் நான் போட்ட சத்தத்தில்தான் விதி பிறந்தது. அது சுற்றிச் சுற்றி என் வீட்டு வாசலுக்கே வரும் என்று கனவா கண்டேன்?

இந்த முறை தேர்தலில் நின்றவள் என் தங்கை. வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னது. நாற்பத்தொரு வயதாகியும் சின்னதுதான். டிப்போவுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். பள்ளிச் சமையலறைகளை மூடிவிட்டு எங்கிருந்தோ பொட்டலம் வாங்கிக் கொடுக்கலாம் என்று மாநகராட்சி முடிவெடுத்தபோது, அம்மாக்களையும் அப்பாக்களையும் திரட்டிக்கொண்டு போய் மன்றத்துப் படிக்கட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் முடிவு ரத்தானது. அதற்குப் பிறகு வாடகை ஏற்றத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவளும் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு அவர்களோடு போவாள். கடைசியில் வார்டு மக்களே நில் என்று தள்ளி நிறுத்திவிட்டார்கள். நினைத்தபோதெல்லாம் வாடகையை ஏற்றத் தடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ், சமையலறைகள் தனியாருக்குப் போகக் கூடாது. இவைதான் அவள் கேட்ட மூன்றும்.

எதிரில் நின்றவர் இப்போதைய கவுன்சிலர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கண்டிப்பாக்காரர். எதைக் கேட்டாலும் கண்டிப்பா செய்யலாம் என்பார், அதோடு சரி. மூன்று தேர்தலில் அவருக்கே ஆதரவு கொடுத்தோம். வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம், பழகிவிட்டது என்பது இன்னொரு காரணம். போன முறை அவர் ஜெயித்தது முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில். அந்த வார்டில் எங்கள் டிரைவர், மெக்கானிக் குடும்பங்களில் மட்டும் இரண்டாயிரம் ஓட்டு இருக்கிறது. எங்கள் ஆதரவு கிடைத்தால் சின்னது ஜெயிக்கலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை சமையலறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் மாநகராட்சித் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தோம். பஸ், குப்பை, பள்ளிச் சமையல் எல்லாம் நின்றது. இரண்டாம் வாரத்தில் ஒரு விடிகாலை, டிப்போ வாசலில் நிற்கப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளியின் பின்வாசல் வழியாக என் தங்கை தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வேலைக்குப் போகிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அவளிடம் கூட. அன்றைக்கே எங்கள் வாசலில் பஸ் எடுக்க வந்த ஒருவனை நான் பேசிய பேச்சு அச்சில் ஏறாது. அவனுக்கு ஒரு நியாயம், என் தங்கைக்கு ஒரு நியாயம். இது எனக்கே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் இரண்டு வருடம் கழித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சொந்தக்காரர் கேள்வி என்று விதி எழுத வைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் நான் நானாக இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். சின்னது யார் போன் பண்ணினாலும் எடுக்கவே மாட்டாள், குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தக் குறை உண்டு. போனே எடுக்காதவள் எப்படிக் கவுன்சிலர் ஆவாய் என்று கேட்டுவிடு, விதிக்கும் விதி ஆச்சு, அவளுக்கும் சேதம் இல்லை என்றார். நல்ல யோசனைதான். டூட்டிச் சீட்டின் பின்னால் அதை எழுதி யூனிபாரம் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என்ன கேட்கப் போகிறேன் என்று அவள் ஜாடையாக விசாரித்தாள். முன்கூட்டிச் சொல்வது விதிக்கு விரோதம் என்று முறைத்து அனுப்பினேன்.

குழு உட்கார்ந்தது டிப்போ மாடியில், எங்கள் ஓய்வறையில். மதியம் இரண்டு ஷிப்டுக்கும் நடுவில். நீள மேசையில் டீ வட்டங்கள், சுவரில் டூட்டிப் பலகை, கீழே பஸ்கள் உறுமுவதால் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். முதலில் கண்டிப்பாக்காரர் வந்தார். பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு கண்டிப்பா. கை கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு சின்னது வந்தாள். சமையலறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு இன்னும் போகவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். செயலாளர் விதியைப் படித்தார். என் எதிரில் மீட்டர் உட்கார்ந்திருந்தார். எதையும் கணக்குப் பண்ணியே பேசுகிற டிரைவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நாலு மாதம் சஸ்பெண்டில் வீட்டில் உட்கார்ந்தவர்.

சீட்டை எடுத்துப் பிரித்தேன். போன் எடுக்காத கேள்வி. அதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், எல்லாம் சுபமாக முடியும். கண்டிப்பாக்காரர் உட்கார்ந்து எழுந்த அதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் தங்கை அவரை மாதிரி வழவழா கொழகொழா என்று தப்பித்துப் போவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அவள் அதைவிடப் பெரிய ஆள் என்று நான் நம்பினேன். நம்பியது சரியா என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"எட்டு வருஷம் முன்னாடி வேலைநிறுத்தம் நடந்தப்போ நீ பின்வாசல் வழியா வேலைக்குப் போனியா?"

செயலாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். சின்னது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

"போனேன்," என்றாள். "அஞ்சு நாள் போனேன்."

தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

"பிள்ளைங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு போனேன்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். அதுக்காகப் போகல. பயந்துபோய்ப் போனேன். அப்போ நான் தற்காலிகம். நாளைக்கு வராதவங்க பேரை எடுத்துருவோம்னு போன் வந்துச்சு. வீட்டுக்காரர் முதுகு அடிபட்டுப் படுத்திருந்தாரு. போனேன். அஞ்சாவது நாள் பாத்திரம் கழுவிட்டே ஜன்னல் வழியா பாத்தேன். மழையில நீங்க எல்லாரும் வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க. அக்காவும் நின்னா, குடை கூட இல்லாம. கையைத் துடைச்சுட்டு வெளிய வந்துட்டேன். பேரை எடுத்துட்டாங்க. திரும்ப உள்ள போக ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த மாதிரி ஒரு போன் இன்னொரு சமையல்காரிக்கு வரக் கூடாதுன்னுதான் எல்லாரையும் நிரந்தரமாக்க அலைஞ்சேன். ஆனா செஞ்சது தப்புதான். மன்னிச்சுருங்க."

அவள் வேலை போனது எனக்குத் தெரியும். ஆள் குறைப்பு என்று சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன். அந்த மழை எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஜன்னல் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை, அவள் தெரிந்துவிடுவாளோ என்ற பயத்தில்.

நான் எழுவதற்குள் மீட்டர் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். நாளைக்கு நாங்கள் வேலைநிறுத்தம் செய்தால், கவுன்சிலராக அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டார்.

"வாசல்ல உங்க கூட. ஆனா அந்தப் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன வழின்னு முந்தின நாளே உங்ககிட்ட வந்து கேப்பேன். போன தடவை யாருமே அதை யோசிக்கல."

நான் வெளியே வந்தேன். மற்ற கேள்விகளை முடித்துக்கொண்டு கால் மணி நேரத்தில் அவளும் வந்தாள். லாக்கர்கள் வரிசையாக இருக்கும் நடையில் நின்றோம். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தணிந்தன, மறுபடி உயர்ந்தன. என் பெயரும் அடிபட்டது. லாக்கர் பூட்டு ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"அக்கா," என்றாள். "வேற யார் கேட்டிருந்தாலும் இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் கையைவிட முரடாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துச் செயலாளர் கதவைத் திறந்தார். என் தங்கைக்கு ஆதரவாக எட்டு, எதிராக இரண்டு. அதோடு இன்னும் இரண்டு தீர்மானம். அவளுக்காகச் சங்கம் அடிக்கும் நோட்டீசில் அவள் செய்த நல்லதை எல்லாம் போடும் இடத்திலேயே, வேலைநிறுத்தத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனதையும் போட வேண்டும், இது மீட்டர் கொண்டு வந்தது. சம்மதமா என்று கேட்டபோது சின்னது போடுங்க என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். மற்றது எனக்கு. எட்டு வருடம் மறைத்ததற்காக ஒரு கண்டனம். இருபத்திரண்டு வருடச் சேவையில் என் பெயர் மினிட் புத்தகத்தில் தனித் தீர்மானமாக ஏறியது அன்றைக்குத்தான். கையெழுத்துப் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்ததல்ல. இப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் இருக்கிறேனே என்று வந்தது.

கடைசியாக மீட்டர் வெளியே வந்தார். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டே என்னிடம் நின்றார்.

"நான் எதிர்த்துதான் கை தூக்கினேன், டிரைவரம்மா. தெரிஞ்சுக்கோங்க. நோட்டீசு எப்போ வரும்?"

வியாழக்கிழமை என்றேன். வடக்கு வாசல் தனக்கு என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார்.

சின்னது ஜெயித்தாள், அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில். அன்றைக்கு ஊரே வந்து அவளைத் தூக்கிக் கொண்டாடியது, நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆனால் என்னைக் கேட்டால், பெருமையில் நெஞ்சு வெடித்தது அந்த வியாழக்கிழமைதான். காலை ஷிப்டுக்கு முன்னால், வடக்கு வாசலுக்கு இன்னொரு கட்டு நோட்டீசு கொண்டுபோனேன். மீட்டர் ஒவ்வொருவர் கையிலும் திணித்துக்கொண்டிருந்தார். இளவட்ட டிரைவர் ஒருவன் படித்துவிட்டு நோட்டீசை அவரிடமே நீட்டினான். வேலைநிறுத்தத்தில் உள்ளே போனவளுக்கா நாம் ஓட்டுப் போடுவது என்று கேட்டான்.

மீட்டர் நோட்டீசைத் திரும்ப வாங்கவில்லை.

"ஆமா, போனா. நாங்க கேட்டோம், அவளே சொன்னா. அவ உள்ள போனப்போ நான் இதே வாசல்ல நின்னவன், அதுக்கு நாலு மாசம் வீட்டுல உக்காந்தவன். நானே நின்னு குடுக்கறேன். பிடி."