பத்தைத் தாண்டாத காய்ச்சல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையில் ஒன்றும் உதிக்கவில்லை. விசாரணைக் குழு என்னிடம் ஒரு பக்க விளக்கம் கேட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதை எழுத உட்கார்ந்தேன். கதை வந்து தொலைத்தது.

முதல் தொடக்கம்: “ஊர்க்கோடியில் இருந்த அந்தச் சின்ன மருத்துவமனையில், தன்னலம் கருதாத பெண் டாக்டர் ஒருவர்—”

சீ. அடித்துவிட்டேன். அந்த டாக்டர் நான்தான். என்னைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

இரண்டாவது: “அந்த வாரம் மழை விடாமல்—”

மழையே பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். கதை என்றதும் கை தானாக மழையைக் கூப்பிடுகிறது.

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மருத்துவமனையில் நான் ஒரே டாக்டர். சிஸ்டரும் ஒருவர்தான், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். (பெயர் போட மாட்டேன். ஏற்கனவே எல்லாக் காகிதத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது.) வெள்ளிக்கிழமைதோறும் மேலே ஒரு படிவம் போகும். இருமலோடு காய்ச்சல் எத்தனை பேருக்கு, உடம்பு வலி எத்தனை பேருக்கு, தொண்டை வலி எத்தனை பேருக்கு என்று தனித்தனிக் கட்டம். முதல் கட்டத்தில் பத்தைத் தாண்டினால் ஆய்வுக்கு ஆள் வரும்.

போன வருடம் பதினான்கு என்று எழுதி அனுப்பினேன். மூன்று பேர் வண்டியில் வந்து சளி மாதிரி எடுத்துப் போனார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். “என்ன டாக்டர், சளி புடிச்சவனையெல்லாம் சேர்த்து ஊரையே பயமுறுத்துறீங்களா?” போன் ஸ்பீக்கரில் இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மானம் போயிற்று.

அன்று பிடித்த வழக்கம் இது. பத்துக்கு மேல் வருகிறவர்களைப் பக்கத்துக் கட்டங்களில் பிரித்துப் போட்டுவிடுவோம். காய்ச்சல்காரருக்கு உடம்பும் வலிக்கும்தானே? உடம்பு வலி. தொண்டையும் கரகரக்கும்தானே? தொண்டை வலி. பொய்யே இல்லை பாருங்கள். சொல்வது நான், எழுதுவது சிஸ்டர். (படிவத்தில் டாக்டர் கையொப்பத்துக்கு இடம் கிடையாது. ‘தயாரித்தவர்’ என்று அடியில் ஒரே ஒரு கோடு.)

3

இந்த வருடம் காய்ச்சல் தொடங்கிய முதல் வாரம் பதினாறு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் முப்பத்தொன்று. நல்ல திடமான ஆட்கள், முப்பது வயதுக்காரர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒரு தையல்காரர் மூன்று படி ஏறிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.* ஒரே தெருவில் ஆறு வீட்டில் காய்ச்சல். இது வழக்கமான சளி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கலாம். (அடித்துவிட்டுத் திருத்துகிறேன்: தெரியும்.)

சிஸ்டர் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர், இந்த வாரம் உள்ளதை உள்ளபடி எழுதிடலாமா? எனக்கென்னவோ சரியாப் படல.”

“ஒன்பதுன்னு போடுங்க சிஸ்டர். அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பார்த்துக்கலாம்.”

“மீதி இருபத்திரண்டு பேரு?”

“இத்தனை கட்டம் எதுக்குக் குடுத்திருக்காங்க?”

இந்த இடத்தில் நான் தயங்கி ஜன்னல் பக்கம் பார்த்ததாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். தயங்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

* அடிக்குறிப்பு: தையல்காரர் பிழைத்துவிட்டார். போன வாரம் நன்றி சொல்ல வந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

4

அடுத்த புதன்கிழமை சிஸ்டரின் மகள் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். முந்தின நாள்தான் காய்ச்சல் தொடங்கியிருந்தது.

“அம்மா சும்மா பயப்படுறாங்க ஆன்ட்டி. ஒரு ஊசி போட்டு அனுப்புங்க” என்று சிரித்தாள். இருமல் அதற்குமேல் பேச விடவில்லை.

இந்தக் காய்ச்சலுக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது. ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும், அதுவும் கர்ப்பிணிக்கு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அலமாரியைத் திறந்தேன். அட்டைப்பெட்டி காலி. மருந்துக் கிடங்குக்குப் போன் செய்தேன்.

அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். “உங்க பக்கம்தான் காய்ச்சலே இல்லையே டாக்டர். நீங்க அனுப்புற நம்பரை வச்சுத்தான் மருந்து தர்றோம். இருந்ததையெல்லாம் வேற ஆஸ்பத்திரிங்களுக்குக் குடுத்தாச்சு.”

சிஸ்டர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே படுக்கையும் மாத்திரையும் கிடைத்தபோது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று.

வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அலமாரிக்குப் பின்னால் ஒரு அட்டை மாத்திரை விழுந்து கிடக்கிறது. அவள் பிழைத்து, பிறந்த குழந்தைக்கு என் பெயரையே—

வெட்கமாக இருக்கிறது. விடுங்கள்.

5

எண்களைக் குறைத்தது யார் என்று இப்போது விசாரணை. படிவம் முழுக்க சிஸ்டரின் எழுத்து. மகளைப் பறிகொடுத்த பன்னிரண்டாம் நாள் அவரைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். மேலதிகாரி என்னிடம் குழைகிறார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது டாக்டர். ‘என் கவனத்துக்கு வரலை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுது.”

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரர் படித்தார். “நல்லாதான் வந்திருக்கு. அந்த சிஸ்டர் மட்டும் அழுத்தமா இல்ல. உன்னை நேருக்கு நேர் கேக்கற மாதிரி ஒரு காட்சி வையேன்.”

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றேன். நடந்தது. நேற்று சிஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

“எழுதினது நான்தான் டாக்டர். என் கைதானே, அதை நான் ஒத்துக்கறேன். சொன்னதை நீங்க ஒத்துக்கோங்க. என் பொண்ணோட சாவுக்கு நான் மட்டும்தான் காரணம்னு மருமகன் நினைக்கிறார். என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறார். ஒத்தையாளா என்னால முடியல.”

“எழுதிட்டிருக்கேன் சிஸ்டர்” என்றேன். இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

6

முடிவை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். நீங்களும் நல்லவர்கள், ஏதாவது நிரப்பிக் கொடுப்பீர்கள். நான் செய்ய வேண்டியதை இன்னொருவர் கையால் எழுத வைத்தே எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் பேனாவைத் தர மாட்டேன். நீங்கள் எதையும் எழுத வேண்டாம்.

இன்று ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. இந்தக் கதையை ஏழு தடவை திருத்திவிட்டேன். நன்றாக வந்திருப்பதாக எனக்கே படுகிறது. அதுதான் அருவருப்பாக இருக்கிறது. சிஸ்டர் கதை படிக்கிறவர் இல்லை. அவர் கேட்டது விசாரணைக் குழுவுக்கு நாளை கொடுக்க வேண்டிய அந்த ஒரு பக்கம். அதில் ‘ஐயா’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.