குழாய்க்குள் ஒரு தகடு

பஸ் கம்பெனிப் பட்டறையில் அவளுக்குத் ‘தகடு’ என்று பட்டப்பெயர் வைத்தவர் அவளுடைய சொந்த அக்கா புருஷன். அவர் அங்கே போர்மேன், அவள் மெக்கானிக்.

டீசல் என்ஜின் கக்குகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி என்ஜினுக்கே ஊட்டுகிற குழாய் ஒன்று உண்டு. அப்படி ஊட்டினால் எரிகிற சூடு தணியும். கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் குறையும். ஆனால் குழாயில் கரி அப்பும், அவ்வப்போது கழற்றிச் சுரண்ட வேண்டும். போர்மேனுக்கு அந்த வேலை வேப்பங்காய். குழாய் வாயில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார்.

“வேணாம் மாமா. ரோட்டுல நடக்கிறவன் நெஞ்சுக்குள்ளதான் அந்த விஷம் போகும்.”

“படிச்ச படிப்பையெல்லாம் வீட்டுலயே வெச்சுட்டு வா.”

அதிகாரிகள் வந்து தகடுகளைக் கண்டுபிடித்த அன்று, முதலாளியின் எதிரே அவர் விரல் நேராக அவளைக் காட்டியது; ‘தகடு’ என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு ஒண்ணுன்னா நானும் ரெண்டு பொண்ணுங்களும் நடுத்தெருவுல நிப்போம்டி. நீ தனிக்கட்டை. எப்படியும் பொழைச்சுக்குவ.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. வேலை கேட்டுப் போன பட்டறைகளில் எல்லாம் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

நாய் படாத பாடு பட்டு, வாகனப் புகை பரிசோதனை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருஷம் கழித்து, ஒரு முற்பகலில், அந்தக் கம்பெனியின் பஸ் உள்ளே வந்தது. கூடவே முதலாளி, ஒரு வெல்டர், தலை நரைத்த போர்மேன்.

“அட, நம்ம மச்சினி!” போர்மேன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “புகையைப் பாரு, பொட்டுக் கருப்பு இருக்கா?”

கருப்பு இல்லைதான். அதுதான் அவளுக்கு உறுத்தியது; அந்தக் குழாயை அடைத்தால் கரும்புகை குறையும், கண்ணுக்குத் தெரியாத நச்சுதான் கூடும். கருவியின் முனையைச் செருகி, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். நச்சு வாயுவின் எண், அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு காட்டியது. என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் குழாயின் மறுபாதி குளிர்ந்து கிடந்தது.

“குழாயைக் கழட்டுங்க மாமா.”

அவர் காதருகே குனிந்தார். “அக்கா மொகத்தைப் பாரும்மா. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன்.”

ஒரு கணம் அவள் தயங்கினாள். வண்டி தேறவில்லை என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். ஆள் வியர்த்ததே போதும் என்று தோன்றியது. அதற்குள் முதலாளி கிட்டே வந்து கருவியின் எண்ணைப் பார்த்துவிட்டார்.

“என்ன தகராறு? யார் பார்த்த வேலை இது?”

போர்மேன் கண்ணை இமைக்கவில்லை. “இந்த வெல்டர்தான் சார். தகடு வெக்காதடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

வெல்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தான் அன்று எப்படி நின்றிருப்போம் என்பதை அவள் முதல்முறையாக வெளியிலிருந்து பார்த்தாள். தயக்கம் போன இடம் தெரியவில்லை.

“அண்ணே, யார் வெக்கச் சொன்னாங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு ஆறு வருஷம் அழிஞ்சேன்.”

வெல்டர் போர்மேன் பக்கம் கையை நீட்டினான். “இவர்தான் சார். பன்னெண்டு வண்டிக்கும். முடியாதுன்னா சீட்டைக் கிழிச்சிடுவேன்னார்.”

“என் காலத்துலயும் இவர்தான் சார்” என்றாள் அவள்.

முதலாளி போர்மேனை ஏற இறங்கப் பார்த்தார். “கழட்டுய்யா. நீயே கழட்டு.”

ஸ்பேனரை அவளே எடுத்து நீட்டினாள். அவர் மண்டியிட்டார். துரு ஏறிய போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. கரி அவர் சட்டையெல்லாம் கொட்டியது. நகராமல் நின்று, ஒவ்வொரு போல்ட்டாக அவள் ரசித்தாள். கடைசி போல்ட்டோடு தகடு தரையில் விழுந்தது. வண்டி தேறவில்லை என்றும், ஏன் தேறவில்லை என்றும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலைக்குள் அவருக்கு வேலை போயிற்று.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தாள்.

“கூடப் பொறந்தவ செய்யிற வேலையாடி இது? நீ நல்லா இருப்பியா?”

“இருப்பேன்க்கா. உனக்குத்தான் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களே, எப்படியும் பொழைச்சுக்குவீங்க.”

அக்கா அழுதுகொண்டே போனாள். மனசு உறுத்தும் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உறுத்தவில்லை. பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.