கையெழுத்து விழாத விளையாட்டு

நீலாம்பாள் சென்னையில் ஐந்து வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். செல்போன் விளையாட்டுகளுக்கு நடுவில் விளம்பரம் எப்போது வந்து மறிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் பொறுப்பு. ஆடுகிறவன் ஜெயிக்கப்போகும் நொடியில் மறித்தால் கூடுதல் வரும்படி என்பது அவள் கண்டுபிடிப்பு. அந்த மக்கள் சேவைக்காகக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கிய மறுமாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

"தனியா ஒரே ஒரு விளையாட்டு. நல்லதா. ஆறு மாசம் போதும்" என்றாள். ஆறு மாதம் இரண்டு வருடம் நடந்தது.

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அஹமது கபீர் அவளோடு கல்லூரியில் படித்தவன். கடையில் இன்வெர்ட்டர் இருந்ததால் ஒரு மூலை மேசையை அவளுக்கு ஒதுக்கியிருந்தான். அவனுக்கு அவள் திறமையில் சந்தேகமே கிடையாது. காலண்டரில்தான் சந்தேகம்.

விளையாட்டின் பெயர் 'பட்டா'. ஆடுகிறவரிடம் ஒரு ஏக்கர் நிலமும் ஒரு மனுவும் இருக்கும். வி.ஏ.ஓ., சர்வேயர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கதைக்காக அவள் அதிகம் அலையவில்லை. அவள் அப்பா மருதையன் இதை முப்பத்தோரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் தாத்தா ஐயாவு என்பவருக்குக் கிடைத்த ஒரு ஏக்கர். உழுவது இவர்கள், பட்டா மட்டும் செத்துப்போன மிராசுதார் பெயரில். அதற்குள் ஐந்து முறை ஆட்சி மாறியது. ஒவ்வொரு முறையும் தாலுகா ஆபீஸ் சுவரில் படத்தை மாற்றினார்கள். அந்த வேலையில் மட்டும் தாமதமே இருந்ததில்லை.

தரப் பரிசோதகரும் மருதையன்தான்.

"ஃபேன் ஆபீசர் தலைக்கு மேல மட்டும்தான் சுத்தணும் பாப்பா. நம்ம பக்கம் எதுக்குக் காத்து வருது?"

ஃபேனைத் திருத்த இரண்டு நாள் ஆனது. ஆபீஸ் வாசல் புளியமரத்தின் நிழலுக்குப் பதினான்கு நாள்.

நடுவில் சாப்பிடவும் வேண்டியிருந்தது. பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி நல்லக்கண்ணு, கடைத் திறப்பு விழாவுக்குத் தேங்காய் பிடிக்கிற விளையாட்டு ஒன்றை மூன்றே நாளில் கேட்டார். இளநீர், முற்றல், கொப்பரை மூன்றும் விழுந்து எம்புவதில் உள்ள வித்தியாசத்தைச் சரியாகக் கொண்டுவர அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் கடையைத் திறந்து ஆடித் தள்ளுபடியும் முடிந்துவிட்டது. அவர் பாதிப் பணமும் இரண்டு தேங்காயும் கொடுத்தார்.

"பொங்கலுக்கு வெளியிடு. இல்லன்னா மேசையைக் காலி பண்ணு" என்றான் கபீர். பாதி விளையாட்டாகத்தான் சொன்னான்.

அவசர அவசரமாகக் கடைசிக் கட்டத்தை முடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆடினார்.

"நாப்பது நிமிசம் உக்காந்து பாத்தேன், கையெழுத்துப் போடல. எல்லாம் சரியா இருக்கு பாப்பா."

ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் கடைசி வாக்கியம்தான் அவள் காதில் விழுந்தது. அன்றே வெளியிட்டுவிட்டாள். விலை ஐம்பது ரூபாய்.

முதல் வாரம் பதினோரு பேர் வாங்கினார்கள். அதில் ஆறு பேர் துபாயில் இருக்கும் கபீரின் உறவுக்காரர்கள். பிறகு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் 'இந்த ஆட்சியின் லட்சணம் பாரீர்' என்று பகிர்ந்தார். ஒரே மாதத்தில் நாலாயிரம் விற்றது. சென்னை விமர்சகர் ஒருவர், 'முடிவின்மையையே முடிவாக வைத்த துணிச்சல்' என்று எழுதினார். கபீர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டினான்.

நீலாம்பாள் கையெழுத்தை முடிவாக வைத்துத்தான் எழுதியிருந்தாள். ஆடியவர்களின் கணக்கைத் திறந்து பார்த்தாள். நாலாயிரம் பேரில் ஒருவருக்குக்கூடக் கையெழுத்து விழவில்லை. கம்ப்யூட்டர் கோப்புகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. அவள் எழுதிய தாசில்தார் ஒன்றிலிருந்து எண்ணினார். எப்போதும் அடுத்தவர் கோப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தார். திருத்துவது பத்து நிமிட வேலை.

"கை வைக்காத நீலா" என்றான் கபீர்.

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படி விடுறது?"

"அந்தத் தப்புதானே விக்குது?"

அவள் திருத்தினாள். விளையாட்டுக் கணக்கில் மூன்றாம் நாளே கையெழுத்து விழுந்தது.

மறுநாளிலிருந்து வசவு. 'மூன்று நாளில் பட்டாவாம். பறக்கும் குதிரையும் வைத்திருக்கலாம்.' 'எவ்வளவு வாங்கினீர்கள்?' ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் அதை அரசின் சாதனையாகப் பகிர்ந்தார். அதன் பிறகு வாங்குவது அடியோடு நின்றது. சென்னை விமர்சகர் 'சமரசம்' என்ற ஒரே சொல்லை எழுதினார்.

கபீர் ஒரு யோசனை சொன்னான். "கையெழுத்துக்குத் தனியா நாப்பத்தொம்பது ரூபா வை. கட்டுனா உடனே விழும்."

மனு ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த மருதையன் திரும்பிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டுல ஆட்டை வித்து ஐநூறு குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. கையெழுத்து வரல. அப்படி வேணா வைங்க தம்பி, சரியா இருக்கும்."

"அய்யோ, காசை வாங்கிட்டுக் குடுக்கலன்னா மோசடிப்பா. கேஸ் ஆயிரும்" என்று குறுக்கிட்டாள் நீலாம்பாள்.

"ஓ!" என்றார் மருதையன். "அதுக்குக் கேஸெல்லாம் உண்டா?"

நீலாம்பாள் செல்போனை அவரிடம் கொடுத்தாள். "புதுசா ஒருக்கா ஆடிப் பாருங்கப்பா."

அவர் பொறுமையாக ஆடினார். தாசில்தார் கோப்பைத் திறந்தார், பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. ஆடுகிறவர் பெயரோடு பட்டா திரை முழுக்க விரிந்தது. மருதையன், தகப்பனார் பெயர் ஐயாவு.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்தபோது விரலால் தொட்டு மறுபடி எரியவைத்துப் பார்த்தார்.

"எப்படிப்பா இருக்கு? ஏதாச்சும் மாத்தணுமா?"

"தெரியல பாப்பா" என்றார். "இந்த இடத்தை நான் பாத்ததில்லையே."

கபீர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போனான். நாற்பத்தொன்பது ரூபாய்ப் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.

கையெழுத்தை அவள் எடுக்கவில்லை. விளையாட்டு பிறகு மெல்ல வாரத்துக்கு ஏழெட்டு விற்றது. இன்டர்நெட் செலவுக்கு ஆயிற்று. மாதத்தில் பாதி நாள் பிறத்தியார் வேலை, பாதி நாள் தன் வேலை என்று பிரித்துக்கொண்டாள். நாகப்பட்டினம் ஜவுளிக்கடை ஒன்று பரிசுச் சக்கரம் சுற்றும் விளையாட்டை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டது. முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டு வியாழக்கிழமையே முடித்தாள். சுற்றி நிற்கும்போது சக்கரம் லேசாக ஆடியது. பார்த்தாள். மறுபடி சுற்றிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அனுப்பிவிட்டு, கபீரோடு டீ குடிக்கப் போனாள்.