தண்ணீர் வரிசையில் வந்த நெஞ்சு வலி

அன்று குரோம்பேட்டை ராதா நகரில் தண்ணீர் லாரி வரும் நாள். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை. பெண்கள் குடங்களோடு வரிசையில் காத்திருந்தார்கள். ஆண்களும் காத்திருந்தார்கள், டீக்கடையில்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இதயப் பிரிவில் நர்ஸாக இருந்த ஜஹீரா, டூட்டி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வரிசையிலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. இடது கையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யுது?"

"காலைலேர்ந்து நெஞ்ச அடைக்குது ஜஹீரா. கேஸுதான். சோடா குடிச்சேன், கேக்கல."

ஜஹீரா நாடி பிடித்துப் பார்த்தாள். அது தாறுமாறாக ஓடியது. நெஞ்சு வலி என்று ஆண்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். பெண்களையோ, எல்லாம் முடிந்துபோகும் நேரத்தில்தான் கொண்டுவருவார்கள். வார்டில் அவள் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்த விஷயம் இது. டீக்கடையில் நின்றிருந்த அஞ்சம்மாளின் கணவன் கேசவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உடனே ஆஸ்பத்திரி போகணும். ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கு."

கேசவன் சிரித்தான். "பொம்பளைக்கு இன்னாம்மா ஹார்ட் அட்டாக்கு? வாயுவா இருக்கும். லாரி வந்துகினு கீது. நாலு கொடம் புடிச்சிட்டுப் போலாம்."

"ஆமா, எடம் போயிடும்" என்றாள் அஞ்சம்மாளும், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஜஹீராவுக்குக் கோபம் பொங்கியது. "புடிங்கண்ணா, நல்லா புடிங்க. அக்காவைக் கடைசியா குளிப்பாட்டத் தண்ணி வேணுமில்ல?"

கேசவனின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான்.

மூவரும் ஏறிப் போன வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு மின்சார ரயில் போனது, கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று வர வேண்டும். அஞ்சம்மாளின் தலை ஜஹீராவின் தோளில் சாய்ந்தது. "அக்கா, கண்ணை மூடாதீங்க!" என்று ஜஹீரா கன்னத்தில் தட்டினாள். கேசவன் கீழே குதித்து, யாரிடம் என்று தெரியாமல் "தொறங்கய்யா!" என்று கத்தினான். பயம் இப்போதுதான் அவனைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கை மீறிப் போயிருக்கும்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் அஞ்சம்மாள் கண் திறந்தாள். கேசவனைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: "தண்ணி புடிச்சியாய்யா?"

கேசவன் உடைந்து அழுதான். "இல்ல. இனிமே வரிசைல நான் நிக்கிறேன், நீ படு." பிறகு ஜஹீராவிடம் திரும்பினான். "ஆம்பளைக்கு வந்தா ஹார்ட்டு, பொம்பளைக்கு வந்தா வாயுன்னு நெனச்சுகினு இருந்தேம்மா. நெஞ்சு எல்லாருக்கும் ஒண்ணுதான். வலிக்குதுன்னு சொன்னா கொடத்தப் போட்டுட்டு ஓடணும்."