இலை கொட்டிய மாதத்தில் மாட்டிய டிஷ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் புருஷனைக் கேட்டால் நுனியில் இல்லை, மூக்கு முழுக்கவே என்பார்.

எங்கள் ஊருக்குக் கேபிள் வராது. எதிரே குன்றின் மேல் ஒரு டவர் நிற்கிறது. அதைப் பார்த்தபடி கூரையில் டிஷ் மாட்டினால் காற்று வழியாகவே வீட்டுக்கு நெட் வந்துவிடும். மாட்டுகிறவள் நான். ஆறு வருடத்தில் முன்னூறு கூரை ஏறியாகிவிட்டது. அதற்கடுத்தது என் தங்கையின் கூரை.

காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கு வீடியோவில் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருடம் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவள், வேலையையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து என் பக்கத்துச் சந்தில் குடியேறினாள். சாயங்காலமானால் அவள் மாடியில் உட்கார்ந்து இருவரும் ஊர்வம்பு பேசுவோம். அவள் இல்லாமல் இத்தனை வருடம் எப்படிப் பொழுதை ஓட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

நாலு மாதம் நெட் அம்சமாக ஓடியது. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு தகராறு ஆரம்பித்தது. பாடத்தின் நடுவே இவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் பிள்ளையும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

“அக்கா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்க மேடம் கூடவே இருந்து பாக்கப் போறாங்க. அன்னிக்கும் நின்னுச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிடணும்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“என் டிஷ்ஷைக் குத்தம் சொல்லாதடி. உன் லேப்டாப்தான் ஓட்டை.”

லேப்டாப்பை மாற்றினோம். ஒயரை மாற்றினேன். வீம்புக்கு டிஷ்ஷையே மாற்றினேன். ஊஹூம்.

வியாழக்கிழமை காலை கூரையேறி, டிஷ்ஷுக்குப் பின்னால் குந்தி, அது பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். டவரைக் காணோம். பக்கத்து வீட்டுத் தச்சரின் மரம்தான் தழைத்து நின்றது.

நான் மாட்டியது இலை கொட்டியிருந்த மாதம். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே டவர் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்துப் பீற்றிக்கொண்டேன். ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும் என்பது முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கே தெரியும். எனக்கு அசடு வழிந்தது. ஒப்புக்கொள்வேனா? நேராகத் தச்சரிடம் போய்க் கத்தினேன்.

“அண்ணே, இந்த மரத்தை இப்பவே வெட்டுங்க!”

மர நிழலில் கதவு இழைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “ஏம்மா, மரம் வந்து உன் டிஷ்ஷுக்கு முன்னாடி நின்னுச்சா, உன் டிஷ் வந்து மரத்துக்குப் பின்னாடி நின்னுச்சா?”

“இல்லேன்னா என் தங்கச்சி போயிடுவாண்ணே” என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.

“அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? என் பட்டறை மரத்துக்கு அந்தாண்டதானே இருக்கு. அதுமேல மாட்டிக்க. ஆனா ஒண்ணு. பட்டறை முன்னாடி ஒரு கன்னு நடணும், வெயில் தாங்கலை. நாலு வருஷம் உன் தங்கச்சிதான் தண்ணி ஊத்தணும்.”

பட்டறைக் கூரையிலிருந்து டவர் முழுசாகத் தெரிந்தது. தங்கை வீட்டுச் சுவரில் ஒயருக்கு அவரே துளை போட்டார். “அடுத்த வருஷம் டவர்ல புது ஆன்டெனா மாட்டுறாங்க, வேகம் நாலு மடங்கு. ஆனா ஒத்தை இலை மறைச்சாலும் போச்சு” என்றேன். “அப்ப இனிமே மரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டு” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தங்கை வீட்டு அடுப்படியில் நின்றேன். உள்ளே தங்கை “பந்து” என்றாள். சற்றுப் பொறுத்து ஒரு மழலைக் குரல், “பந்து” என்றது. முக்கால் மணி நேரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். “இருக்கச் சொல்லிட்டாங்கக்கா!”

“என் வேலைன்னா சும்மாவா?”

“அக்கா...”

“சரிடி, என் தப்புதான். இலையை மறந்துட்டேன்.”

அவள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள், நான் தப்பை ஒப்புக்கொண்ட தேதியைக் குறித்துக்கொள்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை முன்னால் குழி தோண்டி, கையில் கன்றோடு நின்றாள். நான் கூரைமேல் டிஷ்ஷுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

“எவ்வளவு உசரம் போகுமாம்?” என்றேன்.

“பத்து வருஷத்துல கூரையைத் தாண்டிடுமாம். அக்கா, இங்க நட்டா டவரை மறைக்குமா?”

பார்த்தேன். அவள் நின்ற இடம் டவருக்கு நேர்க்கோட்டில் இருந்தது. கன்றைப் பார்த்தேன். மண்ணாகிக் கிடந்த அவள் கைகளைப் பார்த்தேன்.

“மறைக்கும். நீ நடு” என்றேன். “பத்து வருஷம் கழிச்சு நான் டிஷ்ஷை நகத்திக்கிறேன்.”