மஞ்சள் வரி

எங்கள் கடையில் சிவப்புக்குத்தான் மரியாதை. கள்ளக்குறிச்சியில், செல்போன் மெசேஜில் வயல் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகள் செய்கிறோம். உள்ளே ஓடும் சி புரோகிராம் என்னுடையது. எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரில் சிவப்பு வரி வந்தால் பிழை, ஓடாது. மஞ்சள் வரி வெறும் எச்சரிக்கை. "ஷாலினி, மஞ்சளப் பாத்துக்கினு குந்தாத. ஓடுதா, ஏத்தி அனுப்பு" என்பார் முதலாளி தனசேகரன்.

ஆடியில் வடக்கனந்தலிலிருந்து ராசு வந்தார். நான்கு பங்காளிகளுக்கு ஒரே கூட்டுக் கிணறு. பெட்டியின் திரையில் ஒருவர் பெயர் போதாதா என்றேன்.

"நல்லா கேட்டீங்க! எம்பேரு வுட்டுப்போச்சுன்னா நாளைக்கு ஒனக்குக் கெணத்துல பங்கே இல்லம்பானுங்க. நாலு பேரையும் போடுங்க மேடம்."

மூத்தவரிலிருந்து ராஜாங்கம், சின்னக்கண்ணு, அய்யப்பன், கடைசியில் ராசு. ஆங்கில எழுத்தில் அடித்தேன். பெயருக்கு ஒதுக்கியிருந்தது எழுத்துக்கு ஒன்றாக முப்பது இடம். இடம் பார்க்காமல் எழுதும் ஸ்ட்ர்காபியை விட்டு, அளவு சொன்னால் அதோடு நிறுத்தும் ஸ்ட்ர்என்காபியைத்தான் போட்டேன். அப்படியும் ஒரு மஞ்சள் வரி. நீ கொடுத்த அளவு பெயரின் நீளத்தையே பொறுத்திருக்கிறது என்றது.

எனக்கு எரிச்சலாக வந்தது. பத்திரமானது என்று ஊரே சொல்கிற ஃபங்ஷனிலும் குறையா? போ சரிதான் என்று எச்சரிக்கைகளையே அணைத்துவிட்டேன். திரையில் நான்கு பெயரும் அழகாக ஓடின. ராசு சிரித்தபடி வாங்கிப் போனார்.

நேற்று பகல் ஒன்றரைக்கு அவரே போன் செய்தார்.

"கெணத்துல எறங்கி மோட்டாரப் பாக்கணும் மேடம். கரண்ட் போயிப் போயி வருது, வந்தா தானா ஓட ஆரம்பிச்சிடுது. பீஸப் புடுங்கிடட்டா?"

"எதுக்குங்க? லாக்னு மெசேஜ் போடுங்க, ஓடவே ஓடாது" என்றேன் பெருமையாக.

போனை வைத்த பிறகு அந்த மஞ்சள் வரி நினைவுக்கு வந்தது. அதே புரோகிராமை மேசையிலிருந்த பெட்டியில் ஏற்றி, லாக் போட்டேன். மோட்டார் பட்டனை அழுத்தினால் மறுத்தது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டு மறுபடி அழுத்தினேன். டக்கென்று ஓடியது. பூட்டைக் காணோம்.

பாழாய்ப்போன நான்! முப்பதோடு நிறுத்து என்று எழுதாமல், பெயர் எவ்வளவோ அவ்வளவு எழுது என்று எழுதியிருக்கிறேன். சொம்பைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்து ஊற்றிய கதை. முதல் மூன்று பெயரும் காற்புள்ளிகளுமாக முப்பது இடமும் நிரம்பிவிட்டது. அடுத்த இடம் பூட்டினுடையது. கரண்ட் வரும்போதெல்லாம் பெட்டி பெயரைப் புதிதாக எழுதும். அப்போது நாலாவது பெயர் வழிந்து பூட்டின் மேல் விழுகிறது.

உடனே ராசுவை அழைத்தேன். அவர் மனைவி அமிர்தம் எடுத்தார்.

"அவுரு எறங்கிட்டாருங்க. மெசேஜ் போட்டுட்டுத்தான் எறங்கனாரு. இப்ப கரண்டும் இல்ல, ஒண்ணும் பயமில்ல."

"அக்கா, ஓடிப்போய் பீஸப் புடுங்குங்க!"

"இன்னாங்க? செரியா கேக்கல... தோ, கரண்ட் வந்துட்ச்சு."

மோட்டார் உறுமுவது எனக்கே கேட்டது. நான் கத்தினேன். போன் கீழே விழுந்தது, காலடிகள் ஓடின, மோட்டார் நின்றது.

பிறகு அமிர்தம் கிணற்றுக்குள் கூப்பிடுவது கேட்டது. முதலில் "யேங்க" என்று, இரண்டு தரம். அப்புறம் பெயரைச் சொல்லி.

நான் கடைசியாக அடித்த பெயர் அது.